டாம்ரியலில் எந்தக் கதையை முதலில் ஆடுவது?

'எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்' கேமைப் புதிதாக வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இத்தனை கதைகள் கொட்டிக் கிடக்கின்றனவே, எங்கிருந்து தொடங்குவது? நியாயமான கேள்விதான். 2014 ஏப்ரலில் கணினிக்கும் 2015 ஜூனில் கன்சோல்களுக்கும் வந்த கேம் இது. அன்றிலிருந்து ஆண்டுக்கொரு பெரிய கதை, இடையிடையே சின்னக் கதைகள் என்று சேர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. மேப்பைத் திறந்தால் டாம்ரியல் கண்டம் முழுக்க ஊர்கள். ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஒருவர் தலைக்குமேல் அம்புக்குறியோடு நின்று உங்களைக் கூப்பிடுகிறார். யாரிடம் முதலில் போவது என்று கேம் சொல்வதில்லை.

ஆரம்பத்தில் இந்தக் குழப்பம் இருக்கவில்லை. 2014-ல் ஒரு கேரக்டரை உருவாக்கினால், அது எந்தக் கூட்டணியைச் சேர்ந்ததோ அந்தக் கூட்டணியின் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இரண்டாவது பகுதியின் எதிரிகள் முதல் பகுதியின் எதிரிகளைவிடப் பலசாலிகள். அவசரப்பட்டு முந்திப் போனால் அடி வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். லெவலே வரிசையைக் கட்டிக் காத்தது. 2016 அக்டோபரில் 'ஒன் டாம்ரியல்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தார்கள். அதன்பிறகு எதிரிகளின் பலம் எல்லா இடத்திலும் உங்களுக்கு ஈடாக அமைந்துவிடுகிறது. மூன்றாம் லெவலில் இருப்பவரும் எங்கே வேண்டுமானாலும் போகலாம், எந்தக் கதையையும் எடுக்கலாம். ஊர் சுற்றிப் பார்க்க விரும்பியவர்களுக்கு அது பெரிய விடுதலை. கதைக்காக ஆடுபவர்களுக்கோ கைகாட்டி மரத்தைப் பிடுங்கிப் போட்டது போல ஆயிற்று.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. 2017-ல் 'மோரோவிண்ட்' வந்தது முதல், புதிய கேரக்டர்கள் அந்தந்த ஆண்டின் புதுக் கதைக்கான டுட்டோரியலில்தான் கண் விழித்தார்கள். 2018-ல் வந்தவர்களுக்கு 'சம்மர்செட்', 2019-ல் 'எல்ஸ்வேர்', 2020-ல் 'க்ரேமூர்'. காசு கொடுத்து வாங்கிய புதுக் கதைக்குள் ஆட்கள் உடனே நுழைய வேண்டும் என்பது நிறுவனத்தின் கணக்கு. அதன் விலையைக் கொடுத்தவர்கள் புது ஆட்டக்காரர்கள். முன்பின் தெரியாத ஒருவர் ஓடிவந்து நெடுநாள் நண்பரைப் போலப் பேசுவார். யாரோ ஒருவரின் மரணத்தைச் சொல்லிக் கலங்குவார். நாம் மட்டும் ஒன்றும் புரியாமல் நிற்போம். 2021-ல் பால்ஃபியரா தீவில் பொதுவான டுட்டோரியல் ஒன்றை வைத்து, அதன் முடிவில் பல கதைகளுக்கும் வாசல் திறந்துவிட்டார்கள். அது எவ்வளவோ மேல். ஆனால் எந்த வாசல் முதல் வாசல் என்பதை அங்கும் யாரும் சொல்லவில்லை.

வெளியான தேதியை வைத்து வரிசை போடுபவர்கள் இருக்கிறார்கள். எது சுவாரஸ்யமோ அதை முதலில் ஆடு என்பவர்களும் இருக்கிறார்கள். நான் சொல்வது வேறு: மனிதர்களை வைத்து வரிசை போடுங்கள். ஒரு பாத்திரம் முதன்முதலில் எங்கே அறிமுகமாகிறதோ அங்கேயே நீங்களும் அதைச் சந்தியுங்கள். அதன் இரண்டாம் கதைக்கு அப்புறம் போகலாம். இந்த கேமின் எழுத்தில் ஆகச் சிறந்த பகுதி பழைய முகங்கள் திரும்பி வரும் இடங்கள்தான். முன்பே பழகியவர் என்றால் பல இடங்களில் உரையாடலே மாறுகிறது. தவறான வரிசையில் போனால் இழப்பது இதைத்தான். சண்டையிலோ பரிசுப் பொருளிலோ எந்த நட்டமும் கிடையாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். 'ஸ்கைரிம்' போன்ற தனியாள் கேம்களை ஆடிவிட்டுத்தான் இதற்கு வரவேண்டுமா? வேண்டாம். இந்தக் கதை நடப்பது இரண்டாம் யுகம் 582-ல். ஸ்கைரிம் கதைக்குச் சுமார் 950 ஆண்டுகள் முன்னால். பேரரசரின் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. மூன்று கூட்டணிகள் அதற்காக அடித்துக்கொள்கின்றன. இவ்வளவு தெரிந்தால் போதும். ஸ்கைரிம் ஆடியவர்களுக்கு ஊர்ப் பெயர்கள் பழக்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

முக்காடு போட்ட ஆளைத் தேடுங்கள்

டுட்டோரியல் எதுவாக இருந்தாலும், அது முடிந்ததும் உங்கள் கூட்டணியின் முதல் துறைமுக நகருக்குப் போய்விடுங்கள். ஆல்ட்மெரி டொமினியன் என்றால் வல்கெல் கார்ட். டாகர்ஃபால் கவனன்ட் என்றால் டாகர்ஃபால். எபன்ஹார்ட் பாக்ட் என்றால் டேவன்ஸ் வாட்ச். அங்கே முக்காடு போட்ட ஒருவர் உங்களிடம் வந்து, உங்களைச் சந்திக்க ஒரு பெரியவர் காத்திருப்பதாகச் சொல்வார். அவர் காட்டும் குகையின் பெயர் ஹார்பரேஜ். கேமின் ஆணிவேரான கதை அங்கேதான் தொடங்குகிறது. வேறு யார் கூப்பிட்டாலும் முதலில் இதற்குப் போங்கள்.

அந்த முதல் காட்சியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது கதையின் தொடக்கம் என்பதால் எந்த ரகசியமும் கெடாது. கோல்ட்ஹார்பர் என்ற நரகத்தின் சிறையில் கண் விழிக்கிறீர்கள். மோலாக் பால் என்ற டேட்ரா இளவரசனின் உலகம் அது. சுற்றிலும் சாம்பலும் நீலமும் கலந்த வெளிச்சம், ஆன்மா பறிக்கப்பட்ட கைதிகளின் ஓலம். உங்கள் ஆன்மாவும் பறிபோய்விட்டது. பெரிய கோடரியோடு லிரிஸ் டைட்டன்பார்ன் என்ற ஆஜானுபாகுவான பெண் வந்து உங்களை விடுவிக்கிறாள். அவள் தேடி வந்திருப்பது கண்பார்வையற்ற ஒரு தீர்க்கதரிசியை. அவர் இருக்கும் இடத்துக்கு வழி கேட்கப் போனால், தலையில் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு கேட்வெல் என்ற கிழவர் உட்கார்ந்திருக்கிறார். நரகத்தில் இருக்கிறோம் என்ற கவலையே இல்லாமல், விருந்தாளியிடம் பேசுவது போலப் பேசுகிறார். கடைசியில் தீர்க்கதரிசியின் கூண்டு. அதைத் திறக்க வேண்டுமென்றால் உள்ளே இன்னொருவர் இருக்க வேண்டும். லிரிஸ் உள்ளே போகிறாள். அவர் வெளியே வருகிறார். உங்களைத் தப்புவித்தவள் அங்கேயே நின்றுவிட, நீங்கள் அவரோடு டாம்ரியலுக்குத் திரும்புகிறீர்கள்.

பிறகு வரும் எத்தனையோ கதைகளுக்கு இந்தக் காட்சிதான் அடித்தளம். லிரிஸ் மீண்டும் 2020-ன் 'க்ரேமூர்' கதையில் வருகிறாள். கேட்வெல்லின் கடந்த காலம் 2019-ன் 'எல்ஸ்வேர்' கதையில் திறக்கிறது. சிறையில் அவளை விட்டுவிட்டு வந்த உறுத்தல் இருந்தால்தான், பனி மூடிய மேற்கு ஸ்கைரிமில் அவளைத் திரும்பப் பார்க்கும்போது மனசு நிறையும். குரல்களையும் சொல்ல வேண்டும். தீர்க்கதரிசிக்கு மைக்கேல் காம்பன், லிரிஸுக்கு ஜெனிஃபர் ஹேல், கேட்வெல்லுக்கு ஜான் க்ளீஸ், வில்லன் மோலாக் பாலுக்கு மால்கம் மெக்டொவல், எந்தப் பக்கம் நிற்கிறார் என்றே சொல்லமுடியாத மந்திரவாதி அப்னூர் தார்னுக்கு ஆல்ஃப்ரெட் மொலினா. வேறு கேம்களில் குவெஸ்ட் வசனங்களைப் படிக்காமல் தட்டித் தள்ளிப் பழகியவர்கள் இங்கே கொஞ்சம் நின்று கேளுங்கள்.

இந்த மூலக் கதை ஒரே மூச்சில் ஓடாது. இடைவெளி விட்டுவிட்டுத் தீர்க்கதரிசி கூப்பிடுவார். அந்த இடைவெளிகளை உங்கள் கூட்டணியின் கதையால் நிரப்புங்கள். இரண்டையும் பின்னிப் பின்னி ஆட வேண்டும் என்றுதான் எழுதியவர்கள் இதை அமைத்திருக்கிறார்கள். போர்வீரர் கில்டு, மந்திரவாதிகள் கில்டு ஆகியவற்றின் கதைகளையும் இதே இடைவெளிகளில் போட்டுக்கொள்ளலாம். இரண்டு கில்டுகளிலும் முதல் நாளே சேர்ந்துவிடுவது நல்லது. கதைக்காக மட்டுமல்ல, அவற்றின் திறன்கள் வளர நாளாகும். முதலாவது வளர டேட்ராக்களையும் நடைப்பிணங்களையும் அடிக்க வேண்டும், இரண்டாவது வளர ஊர் ஊராகப் புத்தகம் தேட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மூலக் கதையின் முக்கியக் கட்டங்களைத் தனியாகத்தான் ஆட முடியும். நண்பரோடு சேர்ந்து ஆட நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பகுதிகளிலும் ஒருவர் கதையில் முன்னேறிவிட்டு மற்றவர் பின்தங்கினால், ஒரே இடத்தில் நின்றும் ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியாமல் போகலாம்.

எந்தக் கூட்டணி?

கேரக்டரின் இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பெரும்பாலும் கூட்டணியும் முடிவாகிவிடுகிறது. ஆனால் மற்ற இரண்டு கூட்டணிகளின் ஊர்களும் உங்களுக்கு அடைபட்டவை அல்ல. கூட்டணி என்பது சிரோடில் போர்க்களத்தில் யாருக்காக வாள் எடுக்கிறீர்கள் என்பதை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. எனவே பயமில்லாமல் தேர்ந்தெடுக்கலாம்.

மூன்றில் ஒன்றைத்தான் முதலில் ஆட முடியும் என்றால் நான் ஆல்ட்மெரி டொமினியனைச் சொல்வேன். காரணம் ஒரு பூனை. ரசூம்-தார் என்ற கஜீத் இனத்து ஒற்றன், ஐரென் ராணியின் உளவுப் படையைச் சேர்ந்தவன். தன்னையே படர்க்கையில் பேசிக்கொள்வான். கெனார்த்திஸ் ரூஸ்ட் தீவில் அவனைச் சந்தித்தால், ஆரிடான், க்ராட்வுட், க்ரீன்ஷேட், மலபால் டோர், ரீப்பர்ஸ் மார்ச் என்று நீளும் பயணத்தில் திரும்பத் திரும்ப எதிர்ப்படுவான். மற்ற இரண்டு கூட்டணிகளிலும் நல்ல கதைகள் இருக்கின்றன, ஆனால் பகுதிக்குப் பகுதி அவை தனித்தனியாக நிற்கும். இங்கே ஒரே ராணியின் ஆட்சியைக் காப்பாற்றும் ஒரே கதை கடைசிவரை ஓடுகிறது. புதிதாக வருபவருக்கு அப்படி ஒரு கயிறு பிடித்துக்கொள்ள வேண்டும்.

தொடக்கத் தீவுகளைத் தவறவிடாதீர்கள். வல்கெல் கார்டில் இறங்கியதும் நேரே ஆரிடானின் கதைக்குள் போய்விடத் தோன்றும். கெனார்த்திஸ் ரூஸ்டை முதலில் முடித்துவிட்டு வாருங்கள். மற்ற கூட்டணிகளுக்கும் இதே விதிதான். டாகர்ஃபால்காரர்களுக்கு ஸ்ட்ரோஸ் ம'கையும் பெட்னிக்கும். எபன்ஹார்ட்காரர்களுக்கு ப்ளீக்ராக்கும் பால் ஃபாயனும். ஸ்ட்ரோஸ் ம'கையில் நீங்கள் சந்திக்கும் ஜகார்ன் என்ற திருடன், எட்டு ஆண்டு கழித்து வெளியான 'ஹை ஐல்' கதையில் வந்து நிற்கிறான் என்றால் இந்தத் தீவுகளின் அருமை புரியும்.

கூட்டணியின் ஐந்து பகுதிகளும் முடிந்த பிறகு மூலக் கதை உங்களை ஸ்டிர்க் என்ற சின்னத் தீவுக்கு அழைக்கும். ஒருவரையொருவர் அழிக்கத் துடிக்கும் மூன்று ஆட்சியாளர்களும் ஒரே மேடையில் எதிரெதிரே நிற்கும் இடம் அது: ஐரென் ராணி, எமெரிக் மன்னர், ஜோருன் மன்னர். அங்கிருந்து மந்திரவாதிகள் கில்டின் நிறுவனர் வானஸ் கலேரியன் தலைமையில் கோல்ட்ஹார்பர் மீது படையெடுப்பு. இந்தக் கட்டத்துக்கு வரும்போது கில்டு கதைகளும் முடிந்திருப்பது நல்லது. வானஸ் யார் என்று தெரிந்திருக்கும். கோல்ட்ஹார்பரில் மீட்கும் ஒவ்வொருவரும் வெற்று நகரம் ஒன்றில் வந்து குடியேற, நகரம் மெல்ல உயிர் பெறும். அதை அவசரப்பட்டு ஓடிக் கடக்காதீர்கள். இறுதி மோதல் முடிந்ததும் கேட்வெல் வருவார். மற்ற இரண்டு கூட்டணிகளின் கதையையும் அந்தப் பக்கத்து வீரராக வாழ்ந்து பார்க்க அவர் வழி காட்டுவார். 'கேட்வெல்ஸ் சில்வர்', 'கேட்வெல்ஸ் கோல்ட்' என்று பெயர். எதிரி என்று நினைத்தவர்களின் வீட்டுக்குள் போய் அவர்கள் பக்கத்து நியாயத்தைக் கேட்பது இந்த கேமில் எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு.

நேரம் இல்லாதவர்களுக்கு

மூன்று கூட்டணிகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து பெரிய பகுதிகள், தொடக்கத் தீவுகள் தனி. வேலைக்குப் போய்விட்டு வந்து இரவில் ஒரு மணி நேரம் ஆடுபவர் இதை முடிக்கவே மாதங்கள் ஆகும். அதற்குள் அலுத்துப்போய் கேமையே விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நடுவழி: ஒரு கூட்டணியையும் மூலக் கதையையும் முழுதாக முடியுங்கள். மற்ற இரண்டிலிருந்து, பின்னால் வரும் கதைகளுக்குத் தேவையான பகுதிகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். ஒவ்வொரு பகுதியின் கதையும் பெரும்பாலும் தனக்குள் முடிவதால் இது நடக்கும். மேப்பில் இருக்கும் 'ஜோன் கைட்' அந்தப் பகுதியின் மையக் கதை எவ்வளவு முடிந்திருக்கிறது, அடுத்த படி எங்கே என்று காட்டும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் பக்கக் கதைகளில் வழி தவறமாட்டீர்கள்.

பொறுக்க வேண்டியவை நான்கு. எபன்ஹார்ட் பக்கத்தில் டெஷான்; அங்கே அல்மலெக்சியா என்ற வாழும் தெய்வத்தையும், நார்யு விரியன் என்ற கொலைகாரியையும் சந்திப்பீர்கள். அதே பக்கத்தில் ஈஸ்ட்மார்ச். ஜோருன் மன்னரின் கிழக்கு ஸ்கைரிம். டாகர்ஃபால் பக்கத்தில் க்ளெனம்ப்ரா. ஓநாய் மனிதர்கள் பிடித்துவைத்த கேம்லார்ன் நகரும், டேரியன் கோட்டியே என்ற வாயாடி வீரனும். அதே பக்கத்தில் ரிவன்ஸ்பயர். வெராண்டிஸ் ரேவன்வாட்ச் பிரபுவின் கதை. அடிப்படை கேமில் சோகமான, அழுத்தமான ஒரு கதையைக் கேட்டால் நான் ரிவன்ஸ்பயரைத்தான் காட்டுவேன். வேறு எதற்காக இல்லாவிட்டாலும் அதற்காகவே ஆடலாம்.

ஆண்டுக் கதைகள்

இனி வெளியீட்டு வரிசையும் மனிதர்களின் வரிசையும் ஏறக்குறைய ஒன்றாகவே போகின்றன. அதனால் இங்கே குழப்பம் குறைவு.

முதலில் 2017 ஜூனில் வந்த 'மோரோவிண்ட்'. அதே ஆண்டு அக்டோபரில் 'க்ளாக்வொர்க் சிட்டி'. 2018-ல் 'சம்மர்செட்'. மூன்றும் சேர்ந்தது ஒரே கதை. இடையில் வேறு எதையும் நுழைக்காதீர்கள். டெஷானில் அல்மலெக்சியாவைப் பார்த்தவர் வார்டன்ஃபெல் தீவில் விவெக் என்ற இரண்டாவது தெய்வத்தைப் பார்க்கிறார். அவரது சக்தி கசிந்துகொண்டிருக்கிறது. பிறகு பித்தளையும் பற்சக்கரங்களுமாக இயங்கும் க்ளாக்வொர்க் சிட்டியில் மூன்றாமவர் சோத்தா சில். தெய்வமாக இருப்பதன் சுமையை அவர் பேசும் உரையாடலை, இந்த கேமை விட்டு விலகிப் போனவர்கள்கூட இன்றும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்பதற்கு முன் மற்ற இருவரையும் அவர்களது கோயில்களில் பார்த்திருக்க வேண்டும். அவர் ஏன் அப்படிப் பேசுகிறார் என்பது அப்போதுதான் விளங்கும். வார்டன்ஃபெல்லில் நார்யு திரும்ப வருகிறாள். சம்மர்செட்டில் ரசூம்-தார். ஐரென் ராணி வெளியாருக்குத் தீவைத் திறந்துவிட்டிருக்கிறாள், உள்ளூர்க்காரர்களோ முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறார்கள். அந்நியர்கள் நடுவில் அந்தப் பூனையின் முகத்தைப் பார்ப்பது எவ்வளவு ஆறுதல் என்பதை டொமினியன் கதை ஆடியவர்களே அறிவார்கள். டேரியனைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லமாட்டேன். க்ளெனம்ப்ராவையும் கோல்ட்ஹார்பரையும் முடித்துவிட்டு சம்மர்செட்டுக்குப் போங்கள், அது போதும்.

அடுத்து 2019-ன் 'எல்ஸ்வேர்', 'ட்ராகன்ஹோல்ட்'. இதில் புதியவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. பெரிய கதைகளுக்கெல்லாம் இலவசமாக ஒரு முன்கதை குவெஸ்ட் உண்டு. அதைக் கேமுக்குள் இருக்கும் கடையிலோ கலெக்‌ஷன்ஸ் பக்கத்திலோ தேடி எடுக்க வேண்டும். எல்ஸ்வேருக்கு 'தி டீமன் வெப்பன்'. ட்ராகன்கள் எப்படி, யாரால் வெளியே வந்தன என்பதே அந்த முன்கதையில்தான் இருக்கிறது. அதைத் தாவிவிட்டு நேரே ரிம்மன் நகருக்குப் போனால் அப்னூர் தார்ன் ஏன் இவ்வளவு குற்ற உணர்ச்சியோடும் எரிச்சலோடும் அலைகிறார் என்று புரியாது. அங்கே அரியணையில் அமர்ந்திருக்கும் யூராக்சியா அவருடைய சகோதரி. மூலக் கதையில் அப்னூரோடு ஹார்பரேஜ் குகையில் சண்டை பிடித்தவர்களுக்கு, இந்த இரண்டு கதைகளும் அந்த மனிதரின் கணக்கைத் தீர்க்கும் இடம். மூலக் கதையில் சந்தித்த சாய் சஹானும் ட்ராகன்ஹோல்ட்டில் வந்து சேர்கிறார். மூலக் கதை முடியாமல் இங்கே வரவே வராதீர்கள். மற்ற விதிகளைத் தளர்த்தினாலும் இதைத் தளர்த்தமாட்டேன்.

2020-ன் 'க்ரேமூர்', 'மார்கார்த்' இரண்டுக்கும் ரிவன்ஸ்பயர் வேர். ரத்தக்காட்டேரிகளின் கதை; வெராண்டிஸின் குடும்பத்தைச் சேர்ந்த ஃபென்னோரியன் உங்களோடு வருகிறான். மேற்கு ஸ்கைரிமின் மன்னர் ஸ்வார்க்ரிம், கிழக்கின் ஜோருனை ஏற்காதவர். ஈஸ்ட்மார்ச் ஆடியவருக்கு அந்தப் பகை சொல்லாமலே தெரியும்.

2021-ன் 'ப்ளாக்வுட்', 'டெட்லேண்ட்ஸ்' கதைகளுக்கு முன் 2015-ல் வந்த 'ஓர்சினியம்' ஆடியிருக்க வேண்டும். ஈவ்லி ஷார்ப்-ஆரோ என்ற வில்லாளி அங்கேதான் முதலில் வருகிறாள். ஓர்சினியம், ஓர்க் இனத்தவர் இடிந்துபோன தலைநகரைத் திரும்பக் கட்டும் கதை; அந்தக் காலகட்டத்து எழுத்தில் தலைசிறந்தது என்பது என் அபிப்பிராயம். ப்ளாக்வுட் விஷயத்தில் மட்டும் ஒரு விதிவிலக்கு. கூடவே வந்து சண்டையிடும் துணைகளான பாஸ்டியனும் மிரியும் அங்கே கிடைக்கிறார்கள். தனியாக ஆடுபவர்கள் முதலிலேயே போய், இருவருக்கும் உரிய சிறு குவெஸ்ட்களை மட்டும் முடித்து, அவர்களை அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். மையக் கதையைத் தொடாத வரை எதுவும் கெடாது.

2022-ன் 'ஹை ஐல்', 'ஃபயர்சாங்'. மூன்று கூட்டணிகளும் சமாதானம் பேச ஒரு தீவில் கூடுகின்றன. ஸ்டிர்க் தீவில் அந்த மூவரையும் பார்த்தவருக்கு இதன் கனம் தெரியும். கேட்வெல் காட்டிய வழியில் மூன்று பக்கங்களையும் வாழ்ந்து பார்த்தவருக்கு இன்னும் அதிகம். மற்றபடி நிதானமாக நகரும் கதை. ட்ராகன்களுக்கும் டேட்ராக்களுக்கும் பிறகு சிலருக்குச் சப்பென்று இருக்கலாம்.

2023-ன் 'நெக்ரோம்', 2024-ன் 'கோல்ட் ரோட்' இரண்டையும் மாற்றிப் போடவே கூடாது. நெக்ரோம் முழுக்க ஒரு ரகசியத்தைச் சுற்றி ஓடுகிறது. கோல்ட் ரோட்டின் விளம்பரப் படமே அந்த ரகசியத்தின் விடை. அதனால் அதைப் பற்றி இதற்குமேல் எழுதமாட்டேன். நீங்களும் ட்ரெய்லரைப் பார்க்காமல் இருங்கள். இரண்டுக்கும் பழைய கதைகளின் தயவு அவ்வளவாகத் தேவையில்லை. நண்பர் ஒருவர் இந்த ஆண்டுதான் சேர்ந்தார், அவரோடு உடனே சேர்ந்து எதையாவது ஆட வேண்டும் என்றால் நெக்ரோமைத் தேர்ந்தெடுக்கலாம்.

2025-ல் சால்ஸ்டிஸ் தீவில் தொடங்கிய கதை அப்படியல்ல. மூலக் கதையில் மானிமார்கோ என்ற வில்லன் வளர்த்த புழுக் கூட்டம் அதில் திரும்ப வருகிறது. பத்தாண்டுக்கு மேல் கழித்து முதல் கதையின் இழையை மறுபடி கையில் எடுத்திருக்கிறார்கள். புதிதாக வந்தது என்பதற்காக அதில் தொடங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

எங்கேயும் பொருந்துபவை

'தீவ்ஸ் கில்டு', 'டார்க் பிரதர்ஹுட்', 'மர்க்மையர்' மூன்றும் தனித்து நிற்பவை. பெரிய கதைகளுக்கு நடுவே மூச்சு வாங்க ஏற்றவை. திருடர் கதையையும் கொலைகாரர் கதையையும் உங்கள் கூட்டணியின் கதை முடிந்த பிறகு எடுத்தால் நன்றாக இருக்கும். ஊரைக் காப்பாற்றும் வீரராக ஓடி ஓடிக் களைத்தபின் அந்த இருட்டு சுகமாக இருக்கும். 'க்ராக்லார்ன்' முதலில் நான்கு பேர் சேர்ந்து ஆடவே கட்டப்பட்டது. பிறகு தளர்த்தினார்கள், ஆனாலும் தனியாளுக்குச் சில இடங்கள் கடினம். 'இம்பீரியல் சிட்டி' கதைக்கு மூலக் கதை முடிந்திருக்க வேண்டும். அங்கே மற்ற கூட்டணியின் ஆட்டக்காரர்கள் உங்களை முதுகில் குத்தலாம் என்பதையும் அறிந்துகொண்டு போங்கள்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடிப்படை கேமை வாங்கினாலே மூன்று கூட்டணிகளும் மூலக் கதையும் கில்டு கதைகளும் கைக்கு வந்துவிடும். இங்கே சொன்ன வரிசைப்படி போனால் நெடுநாளைக்கு வேறு எதையும் வாங்கத் தேவையில்லை. தள்ளுபடி என்று கண்டதை வாங்கிக் குவிக்காமல், போய்ச் சேரும்போது வாங்கிக்கொள்ளலாம். எந்தப் பொதியில் எது அடங்கியிருக்கிறது என்பது அவ்வப்போது மாறுவதால் வாங்கும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே தாறுமாறாகத் தொடங்கிவிட்டவர்கள் என்ன செய்வது? முதலில் குவெஸ்ட் பட்டியலைத் திறந்து பாருங்கள். அதில் 25 மட்டுமே இடம்பெற முடியும். தெருவில் கூப்பிட்டவர்கள் எல்லோரிடமும் வாங்கி வைத்ததால் அது நிரம்பி, எது எந்தக் கதை என்றே தெரியாமல் கிடக்கும். ஆண்டுக் கதைகளைச் சேர்ந்த எல்லாவற்றையும் கைவிட்டுவிடுங்கள். பயப்பட வேண்டாம், மீண்டும் அதே ஆளிடம் போனால் குவெஸ்ட் திரும்பக் கிடைக்கும். பிறகு உங்கள் கூட்டணியின் துறைமுகத்துக்குப் போய் முக்காடு போட்டவரைத் தேடுங்கள். அவர் இன்னமும் அங்கேதான் இருப்பார். பாதிக்கு மேல் முடித்துவிட்ட ஆண்டுக் கதை என்றால் அதை மட்டும் முடித்துவிட்டு வாருங்கள். அந்தரத்தில் விட்ட கதைக்கு ஆறு மாதம் கழித்துத் திரும்பினால் பெயர்கள்கூட நினைவிருக்காது.

ஒரு கேரக்டர் ஒரு கதையை ஒருமுறைதான் ஆட முடியும். எனவே சம்மர்செட்டையோ எல்ஸ்வேரையோ முன்னாலேயே முடித்துவிட்டு, இப்போது சரியான வரிசையில் மறுபடி ஆட ஆசைப்பட்டால் புதுக் கேரக்டர் வேண்டும். 2022 முதல் சாதனைகளில் பெரும்பாலானவை கணக்கு முழுமைக்கும் பொதுவாகிவிட்டதால், பழைய உழைப்பு வீணாகாது. கதையின் நினைவு மட்டும் கேரக்டருக்குக் கேரக்டர் தனி. புதுக் கேரக்டரை உருவாக்கும்போது இனத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: பழையது எந்தக் கூட்டணியோ அதைத் தவிர்த்து வேறொன்று. குதிரைப் பயிற்சிக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே 250 தங்கம் ஒதுக்கிவிடுங்கள். 20 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் கொடுக்க முடியும், இந்த வரிசையில் நடக்க வேண்டிய தூரமோ அதிகம்.